மேல்தாடையை விரித்தால் பிள்ளையின் குறட்டை நிற்குமா?

ஒன்பது வயது மகன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான், மேல்தாடையை விரிக்கும் எக்ஸ்பாண்டர் கருவியைப் போட்டால் சரியாகுமா என்று சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

அக்கா, வாயின் மேற்கூரைதான் மூக்கின் தரை. சிறுவயதில் அதன் நடுவே உள்ள எலும்புப் பொருத்து இன்னும் இறுகியிருக்காது. கருவியின் திருகைச் சின்னச் சாவியால் ஒருமுறை திருப்பினால் சுமார் 0.25 மி.மீ. விரியும். என் மகளுக்கு தினமும் ராத்திரி நான்தான் திருப்புவேன், சமையலறை விளக்கடியில் அவளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி. சில நாளில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது, பதறிவிட்டேன். எலும்பு விலகுவதற்கு அதுதான் அடையாளமாம். அப்புறம் தானாகவே மூடிக்கொண்டது.

கூரை அகன்றால் மூக்கின் உள்வழியும் கொஞ்சம் அகலும், பல பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாகும். கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தால் அதை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் என்ற கருவியைப் போடுவார்கள். தாடையோடு நாக்கும் முன்னே வருவதால் தொண்டையின் பின்னால் இடம் கிடைக்கும்.

ஆனால் கருவியே இல்லாவிட்டாலும் வளரும் பிள்ளையின் தொண்டை பெரிதாகும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் வயது ஏற ஏறச் சுருங்கும். எக்ஸ்ரே எடுக்கும்போது தலை சற்று நிமிர்ந்திருந்தாலே மூச்சுப்பாதை அகலமாகத் தெரியும். அதனால் முன்பு, பின்பு என்று இரண்டு படத்தைக் காட்டினால் உடனே மயங்கிவிடாதீர்கள்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டான்சிலையும் அடினாய்டையும் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனையும் வேண்டும். மேல்தாடை உண்மையிலேயே குறுகலாக இருந்தால் எக்ஸ்பாண்டர் போடலாம், குறட்டைக்காக மட்டும் வேண்டாம்.