மாக்கியவெல்லி லுக்ரீஷியஸைப் படித்தாரா?

இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் 'இளவரசன்' நூலில் பண்டைய ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் பெயரே வரவில்லை, தாக்கத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பெயரைத் தேடாதீர்கள், கையெழுத்தைப் பாருங்கள். வத்திக்கான் நூலகத்தின் ரோசி 884 என்ற எண்ணுள்ள ஏட்டில் லுக்ரீஷியஸின் 'பொருள்களின் இயல்பு' என்ற நீண்ட லத்தீன் கவிதையை மாக்கியவெல்லியே கைப்பட நகலெடுத்திருக்கிறார். ஓரக்குறிப்புகள் 2-ஆம் காண்டத்தில்தான் மொய்க்கின்றன. நேராக விழும் அணு சற்றே விலகும் என்று கவிஞர் சொல்லும் இடத்தில் (216–293 வரிகள்), 'இயக்கம் பலவகை, அதனால் நமக்குச் சுதந்திர மனம்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இதை 'இளவரசன்' 25-ஆம் அத்தியாயத்தோடு வைத்துப் படியுங்கள். பாதிச் செயல்கள் விதியின் கையில், மீதி நம் கையில் என்பார். ஆனால் நகலெடுத்தது படித்ததற்குத்தான் சான்று, உடன்பட்டதற்கு அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். '1417-இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ கண்டெடுத்திராவிட்டால் லுக்ரீஷியஸின் நூலே அழிந்திருக்கும்' என்று எழுதியிருந்தால் அந்த வரியையும் வெட்டுங்கள்: 9-ஆம் நூற்றாண்டுப் படிகள் இரண்டு இன்றும் நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ளன.