இலவசமாகக் கொடுத்த தையல் மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டதே!

கேள்வி: கொழும்புக்குக் குடிபோகிறோம். என் கால்மிதி தையல் மெஷினை "இலவசம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஊர்ப் பேஸ்புக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் "எனக்கு வேணும்". முதலில் கேட்டவருக்கே கொடுத்தேன். மூன்றாம் கிழமை அதே மெஷின் வேறொரு குழுவில் 15,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: கேட்கலாம், கிடைக்காது. நிபந்தனை ஏதும் போடாமல் நீங்கள் கொடுத்து, அவரும் எடுத்துக்கொண்டு போனபின் பொருள் அவருடையது.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் குறை சொல்வது 'முதலில் கேட்டவருக்கே' என்ற வழக்கத்தைத்தான். காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய், அந்திக் கொழுந்தையும் நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்கு வருகிற பெண் போனைத் திறக்கும்போது, அவருக்கு முன்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். பகலெல்லாம் டவுனில் போனும் கையுமாக இருப்பவருக்கே முதலிடம். பழசு வாங்கி விற்கிறவரும் அங்கேதான் இருப்பார்.

2013இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பை நத்திங்' என்ற இலவசப் பகிர்வுக் குழுக்களில், பொருளைப் போட்டுவிட்டு ஓரிரு நாள் ஆறப்போட்டு, பிறகு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. அலுமாரி, மேசை கொடுக்கும்போது நீங்களும் அப்படிச் செய்யுங்கள். "எதற்கு வேண்டும், எப்போது வந்து எடுப்பீர்கள்?" என்று பதிவிலேயே கேளுங்கள். வெறும் "வேணும்" போட்டவர்கள் தானாகக் கழிந்துவிடுவார்கள். லொறிக் கூலி யாருடையது, சொன்ன நாளில் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், அலுமாரியின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பின்பலகைதான் முதலில் ஊதும். நான் ஒரு தடவை முன்பக்கத்தை மட்டும் போட்டேன். ஹட்டனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த மனிதர் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஆட்டோக் காசை நான் கொடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை.

கேள்வி: படிக்கிற பிள்ளைகளுக்கு இலவச போன் தருவதாக ஒருவர் குழுவில் போட்டிருந்தார். கூரியர் செலவுக்கு 750 ரூபாய் முதலில் அனுப்பச் சொல்கிறார், அடையாள அட்டைப் படமும் கேட்கிறார். அனுப்பலாமா?
– வாசகர், பதுளை

பதில்: இரண்டையும் அனுப்ப வேண்டாம். "உங்கள் ஊரிலேயே எனக்குத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து எடுத்துக்கொள்வார்" என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு பதில் நின்றுவிடும். போனுக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டால் உடனே பிளாக் செய்யுங்கள்.

உங்கள் பழைய போனை யாருக்காவது கொடுப்பதானால், கூகுள் கணக்கை நீக்கிய பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு மடக்கலாம். வாங்கியவர் உங்களைத் தேடி மலையேற வேண்டியிருக்கும்.