அர்னால்டு கலிபோர்னியா மாநில கவர்னர் ஆன கதை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: அண்ணே, அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் ஓட்டல் நடத்தினாராமே, நிஜமா?

நிஜம்தான். 1991-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த பிளானட் ஹாலிவுட்டில் ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸோடு இவரும் பங்குதாரர். ஆனால் நட்சத்திரங்கள் அங்கே முகம் மட்டும்தான், நிர்வாகம் வேறு ஆட்கள். 1999-ல் கம்பெனி திவால் மனு போட்டது, அடுத்த வருஷமே இவர் கழன்றுகொண்டார். சொந்தக் கடை என்றால் 1992-ல் மனைவி மரியா ஷ்ரைவரோடு சாண்டா மோனிகாவில் திறந்த 'ஷாட்ஸி ஆன் மெயின்'. ஆஸ்திரியச் சாப்பாடு, மாதம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி சுருட்டுப் பிரியர்களுக்கு, கழிப்பறைக்குப் போனால் ஒலிபெருக்கியில் ஜெர்மன் பாடம் ஓடும்!

கேள்வி: அப்போ ஓட்டல் காசில்தான் அரசியலா?

இல்லை. படங்களில் பெரிய ஆளாவதற்கு முன்பே அடுக்குமாடி வீடுகளை வாங்கி விற்றுக் காசு பார்த்தவர். கவர்னர் சம்பளத்தையே வேண்டாம் என்றுவிட்டார்.

கேள்வி: கவர்னர் என்றால் நியமனப் பதவிதானே சார்?

நம் ஊரில். அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலை நம் முதலமைச்சருடையது போல.

கேள்வி: சினிமா முகம் இருந்தாலே ஜெயித்துவிடலாமா?

முகம் உதவியது, ஆனால் தேர்தலின் அமைப்பைத்தான் யாரும் பேசுவதில்லை. மின்வெட்டு, பட்ஜெட் பற்றாக்குறை, மூன்று மடங்கான கார் வரி என்று அப்போதைய கவர்னர் கிரே டேவிஸ் மேல் ஜனங்கள் கடுப்பில் இருந்ததால் 2003-ல் அவரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு வந்தது. ஒரே சீட்டில் இரண்டு கேள்வி: இவரை இறக்கலாமா, இறக்கினால் யார்? கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு கிடையாது, 50 சதவீதம் தாண்ட வேண்டியதும் இல்லை, மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடினால் போதும். குடியரசுக் கட்சிக்காரரான அர்னால்டு கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர், வழக்கமான முறையில் அதை எதிர்க்கும் தன் கட்சித் தொண்டர்களைத் தாண்டுவதே கஷ்டம் என்பது என் கணக்கு. ஆகஸ்ட் 6-ல் ஜே லெனோவின் டிவி நிகழ்ச்சியில் அறிவிப்பு, அக்டோபர் 7-ல் ஓட்டு, 135 பேர் களத்தில், இவருக்கு சுமார் 48.6 சதவீதம். இரண்டே மாதப் பிரசாரம், அதில் மற்றவர்கள் பெயரைப் பதிய வைக்கவே நேரம் போதாது!

கேள்வி: ஆட்சி எப்படி? நேர்மையாச் சொல்லுங்க.

கலவை. பதவியேற்ற அன்றே கார் வரி உயர்வை ரத்து செய்தார், கைதட்டல் கிடைத்தது, கஜானாவில் ஓட்டை விழுந்தது. 2005-ல் ஆசிரியர், நர்ஸ் சங்கங்களோடு மோதி, தான் முன்வைத்த நான்கு திட்டங்களிலும் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றார். அப்புறம் ஆள் மாறினார், ஜனநாயகக் கட்சியோடு பேசிப் பழகி 2006-ல் பசுமை வாயுக்களைக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார், அந்த வருஷமே மறுபடி ஜெயித்தார். 2009-ல் அரசிடம் பணமில்லாமல், கடன் சீட்டு எழுதிக் கொடுத்த கூத்தும் இவர் காலத்தில்தான். தொகுதி வரையறையை எம்.எல்.ஏ.க்களிடமிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுத்ததுதான் என் பார்வையில் பெரிய வேலை.

கேள்வி: கவர்னரான பிறகு சுருட்டுப் பிடிப்பதை விட்டாரா?

எங்கே! அரசுக் கட்டடத்துக்குள் புகைக்கத் தடை என்பதால் தலைமையகத்தின் முற்றத்தில் கூடாரம் போட்டு, அதற்குள் எம்.எல்.ஏ.க்களை உட்கார வைத்துப் பேரம் பேசினார்.

கேள்வி: ஜனாதிபதிக்கு ஏன் நிற்கவில்லை?

முடியாது தம்பி. பிறவியிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இவர் ஆஸ்திரியாவில் பிறந்து 1983-ல்தான் குடியுரிமை வாங்கினார்.