தொப்புள் குத்தி ஆறு வாரம்: பத்து பெரிங்கியில் நீந்தலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24, பட்டர்வொர்த்தில் வேலை. தொப்புள் குத்தி 6 வாரம் ஆகிறது, வலியே இல்லை. அடுத்த மாதம் தோழிகளோடு பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போகிறேன். நீந்தலாமா? ஹை-வேஸ்ட் பிகினி வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா 916 தங்கத்தில் மாற்றச் சொல்கிறார். தைப்பூசத்தில் அலகு குத்தியவர்களுக்குச் சட்டென்று ஆறிவிடுகிறதே, எனக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அலகு குத்திப் போகிறவர்கள் அன்றே அதை எடுத்துவிடுகிறார்கள்; துளை தானாக மூடிக்கொள்கிறது. உங்கள் துளை மூடக் கூடாது. உள்ளே உலோகம் இருக்க, அதைச் சுற்றிக் குழாய் மாதிரி புதுத் தோல் வளர வேண்டும். அது துளையின் இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கி வளரும். அதனால் வெளியே ஆறினாற்போல் தெரிந்தாலும் நடுவில் இன்னும் பச்சைப் புண்தான். காது மடலுக்கு 6 முதல் 8 வாரம் போதும். உட்காரும்போதெல்லாம் மடிகிற தொப்புளுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

ஆகவே அடுத்த மாதம் கடலில் இடுப்புக்கு மேல் நனையாதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி வாழ்கிறது, திறந்த புண் வழியாக உள்ளே போகும். நீச்சல்குளத்துக் குளோரின் எல்லாக் கிருமியையும் கொல்லாது, புண்ணையும் எரிச்சலாக்கும். அருவிக் குளியலும் வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. தெரியாமல் அலை அடித்து நனைந்துவிட்டால், மருந்தகத்தில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் உப்புநீரால் கழுவி, துண்டால் துடைக்காமல் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள்.

சரி, உடை. ஹை-வேஸ்ட் பிகினியின் பட்டை நேராகத் தொப்புள் மேல் உட்காரும். நனைந்த ஸ்பான்டெக்ஸ் துணி இறுக்கிப் பிடித்து வளையத்தைச் சாய்க்கும். நாள் முழுக்க அப்படி அழுத்தினால் வளையம் மெல்ல மேல்தோலை நோக்கி நகரும், கடைசியில் வெளியே தள்ளப்படவும் கூடும், தழும்பு நிற்கும். ஒன்-பீஸும் இதே கதைதான். பக்கவாட்டில் வெட்டிய மோனோகினியில் பெரும்பாலும் நடுத்துணி அங்கேதான் வரும். இப்போதைக்கு இடுப்பு இறங்கிய கால்சட்டையும், மேலே பனியன் மாதிரித் தொளதொளவென்ற டாங்கினியும் எடுங்கள். போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன் நின்றால் போதாது, உட்கார்ந்து குனிந்து பாருங்கள். அப்போதும் பட்டை தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். வாங்கிய பிகினியைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் போடலாம்.

அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் 916 மென்மையான தங்கம், எளிதில் கீறல் விழும். அந்தக் கீறல் பச்சைப் புண்ணை உரசும். ஆறும்வரை உடலுக்குள் பொருத்தத் தகுந்த ஏ.எஸ்.டி.எம். எஃப்136 தர டைட்டானியமே இருக்கட்டும். அப்புறம் அம்மா ஆசைப்படுகிற தங்கத்தைத் தாராளமாகப் போடுங்கள். புண்ணில் மஞ்சளும் திருநீறும் இப்போது பூச வேண்டாம்.

வெளிர் மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு வருவது இயல்பு. சிவப்பு பரவி, தொட்டால் சுட்டு, பச்சையாகச் சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றே கிளினிக் போங்கள். வளையத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.