பழைய டெவலப்பர்: எது தேறும், எது தேறாது?

கேள்வி (ஆற்காடு): மூடிப்போன ஸ்டுடியோவில் டி-76 பொடி (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டு வர்ற டெவலப்பர் மருந்து) நாலு பாக்கெட் கிடைச்சுது சார். பிரிக்கவே இல்லை. ஆனா தேதி முடிஞ்சு 12 வருஷம் ஆகுது. கலக்கலாமா?

பதில்: தேதியை விடுங்க, பொடியைப் பாருங்க. ஓரத்தை வெட்டி ஒரு ஸ்பூன் வெள்ளைத் தாள்மேல கொட்டுங்க. வெள்ளையா, உதிரியா இருந்தா அதையும் சேர்த்து முழு பாக்கெட்டையும் கலக்கலாம். பழுப்பேறி கட்டி தட்டியிருந்தா கவர்ல ஊசிமுனை ஓட்டை விழுந்து காத்து போயிருக்கு, தூக்கிப் போட்டுடுங்க. பாதி பாக்கெட் மட்டும் கலக்கவே கூடாது. டி-76 ஃபார்முலாவுல லிட்டருக்கு சல்பைட் (மருந்து கெடாம காக்கிற உப்பு) 100 கிராம், மெட்டால் (படத்தைக் கொண்டு வர்ற மருந்து) வெறும் 2 கிராம். பாக்கெட் குலுங்கினதுல எது எந்தப் பாதிக்குப் போச்சுன்னு சொல்லவே முடியாது.

கேள்வி (குடியாத்தம்): கலந்து எட்டு மாசமான டி-76, பாட்டில்ல பாதி இருக்கு. டீத்தண்ணி நிறம். ஃபிலிம் முனையை வெட்டி முக்கினேன், நல்லா கறுத்துச்சு. அப்போ நம்பலாம்தானே அண்ணா?

பதில்: நம்பாதீங்க தம்பி. நிறைய ஃபிலிம் வீணாகிறதே இந்த இடத்துலதான். நீங்க முக்கின முனை அறை வெளிச்சம் முழுக்க வாங்கினது. செத்துக்கிட்டிருக்கிற டெவலப்பர்கூட அதைக் கறுப்பாக்கிடும். கேமராவுக்குள்ள நிழல் பகுதிக்குக் கிடைக்கிறது துளி வெளிச்சம். அங்கதான் டெவலப்பர் கைவிடும். முனை கறுக்கலைன்னா டெவலப்பர் போச்சுன்னு உறுதி. கறுத்தா, அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அடுத்த சோதனை இது: கறுப்புத் துணி மடிப்பு தெரியிற ஒரே காட்சியை முழு ரோலும் எடுங்க. இருட்டுல ரோலைப் பாதியா வெட்டி, ஒண்ணைப் பழசுலயும் இன்னொண்ணைப் புதுசுலயும் ஒரே வெப்பத்துல, ஒரே நேரம் டெவலப் பண்ணுங்க. பழசுல மடிப்பு காணாம கண்ணாடி மாதிரி இருந்தா முடிஞ்சுது. சில சமயம் பழசு கூடுதலா அடர்த்தி காட்டும். வெச்சிருக்க வெச்சிருக்க காரத்தன்மை ஏறி, டி-76 கொஞ்ச காலம் வேகமா வேலை செய்யும், கான்ட்ராஸ்ட் கூடும். அதுவும் நம்பகமில்லாததுதான்.

டீ நிறத்துக்கு வந்துட்டதால உங்களோடதுக்கு இந்தச் சோதனைகூட வேணாம். காத்துல இருக்கிற ஆக்சிஜனை முதல்ல வாங்கிக்கிறது சல்பைட். அது தீர்ந்த பிறகுதான் ஹைட்ரோகுயினோன் (டி-76-ல படத்தைக் கொண்டு வர்ற இன்னொரு மருந்து) பழுக்குது. முழு பாட்டில் ஆறு மாசம், பாதி பாட்டில் ரெண்டு மாசம், அவ்வளவுதான் கணக்கு. இனிமே கலந்ததும் 250 மில்லி பாட்டில்களாப் பிரிச்சு கழுத்து வரை நிரப்புங்க. குறைஞ்சா சுத்தமான கோலிகுண்டு போட்டு மட்டத்தை ஏத்துங்க.

கேள்வி (ராணிப்பேட்டை): ரோடினால் டெவலப்பர் கருங்காப்பி மாதிரி ஆயிடுச்சு. அடியில படிகம் வேற.

பதில்: பயப்பட வேண்டாம். 1891-லிருந்து விக்கிற சரக்கு; கறுத்தும் பல வருஷம் வேலை செய்யும். படிகத்தைக் கிளறாம மேல் தெளிவை சிரிஞ்சில் எடுங்க. 6 மில்லிக்கு 300 மில்லி தண்ணீர். கலந்ததும் உபயோகிச்சுக் கொட்டிடணும்.

கேள்வி (சத்துவாச்சாரி): மே மாசம் குழாய்த் தண்ணியே 32 டிகிரி. டெவலப் பண்ண வேண்டிய 20-க்கு எப்படி இறக்குறது?

பதில்: 24 போதும்மா. டப்பில் ஐஸ் போட்டு டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கிற மருந்து), அலசுற தண்ணி பாட்டில்களை ஒண்ணா நிக்க வைங்க. மூணுக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் வேணாம். எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு டி-76 தண்ணி சேர்க்காம நேரடியா 20-ல் 7½ நிமிஷம். 24-ல் அது 5-ஐ ஒட்டி வந்துடும். இவ்வளவு குறைஞ்சா டெவலப் திட்டுத்திட்டா வரலாம். 1+1-ஆ, அதாவது சம அளவு தண்ணி கலந்தா நேரம் நீளும். போர் தண்ணி உப்பு; கலக்க கேன் தண்ணி எடுங்க.

கேள்வி (காட்பாடி): பழைய ஹைப்போ (ஃபிக்ஸர்) பால் மாதிரி கலங்கி, அடியில மஞ்சளா படிஞ்சிருக்கு. வடிகட்டலாமா?

பதில்: கூடாது. அது பிரிஞ்சு விழுந்த கந்தகம். உபயோகிச்ச ஃபிக்ஸர்ல வெள்ளி இருக்கும். பாலாத்துக்குப் போற கால்வாயில ஊத்தாதீங்க. பிளாஸ்டிக் வாளியில சாதா இரும்பு நார் போட்டு சில நாள் ஊற வைங்க. இரும்பு கரைஞ்சு வெள்ளி கறுப்புச் சேறா அடியில தங்கும். பாத்திரம் தேய்க்கிற துருப்பிடிக்காத நார் இதுக்கு ஆகாது.