ஒலிவாங்கி யார் கையில்

மதிப்பிற்குரிய அம்மா,

எங்கள் துறை நடத்தவிருக்கும் ஆய்வுக் கருத்தரங்குக்கு நடத்தை விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள், அவர்களுக்கு எதற்கு விதி என்கிறார்கள் மூத்தவர்கள் சிலர். விதிகள் கடுமையானால் விவாதம் மழுங்கிவிடும் என்றும் அஞ்சுகிறார்கள். எவ்வளவு கடுமையாக எழுதலாம்? மூன்றாம் அமர்வுக்குத் தாங்கள் தலைமை தாங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

க.

அன்புள்ள க.,

படித்தவர்களுக்கு விதி எதற்கு என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. விவாதம் மழுங்கும் என்பது வெறும் சாக்கு. தரவு பிழை, முடிவு தவறு என்று எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம். கட்டுரை வாசித்தவரின் தோற்றத்தையும் உச்சரிப்பையும் பற்றிப் பேசுவது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று தெரியாதவர் ஆய்வாளரே அல்லர். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் துன்புறுத்தலையும் மிரட்டலையும் பாகுபாட்டையும் ஆய்வு ஒழுக்கக்கேடு என்றே 2017இல் வரையறுத்துவிட்டது. உங்கள் மூத்தவர்களுக்கு அதைக் காட்டுங்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. அமர்வுக்குத் தலைமை தாங்க அழைக்கிறீர்கள். அங்கே ஒருவர் அத்துமீறினால் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த விடுபடலை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் இதே இடத்தில் நான் தவறியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் தலைமை தாங்கிய அமர்வொன்றில் இளம் ஆய்வாளர் ஒருவர் தம் முதல் கட்டுரையை வாசித்து முடித்தார். முன்வரிசையிலிருந்து எழுந்த மூத்த பேராசிரியர் கேள்வி எதுவும் கேட்காமல், இவ்வளவு அழகான பெண் புள்ளிவிவரங்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்றார். அரங்கு சிரித்தது. ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்தவரை அழைத்தேன். தேநீர் இடைவேளையில் அந்தப் பெண்ணிடம் சென்று, மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, பொறுத்துப்போகும் வேலையையும் அவர் தலையிலேயே சுமத்தினேன். பிற்பகல் அமர்வுகளில் அவர் இருக்கை காலியாக இருந்தது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கை, பாலியல் துன்புறுத்தலின் மிகப் பரவலான வடிவம் பெண்களை இழிவுபடுத்தும் பேச்சும் நடத்தையும்தான் என்கிறது. ஓரிடத்தில் துன்புறுத்தல் நிகழுமா என்பதை மிகத் திட்டமாகக் காட்டுவது, அதை அந்த இடம் எவ்வளவு சகித்துக்கொள்கிறது என்பதே என்றும் சொல்கிறது. அதைப் படித்தபோது அந்த அரங்கின் சிரிப்பும் அதன்பின் நான் அடுத்தவரை அழைத்த குரலும்தான் என் காதில் கேட்டன.

புகாரைப் பெற இருவரை நியமித்து, அவர்கள் யாரென்று தொடக்கத்திலேயே மேடையில் அறிவியுங்கள். புகார் சொல்பவரின் நெறியாளர் அவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தலைவர்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அத்துமீறல் நிகழ்ந்த அந்த நொடியில், அரங்கு முழுவதும் கேட்க, அதைத் தடுக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. ‘இது கட்டுரையைப் பற்றிய கேள்வி அன்று, இதை அனுமதிக்க முடியாது’ என்று சொல்ல அவருக்குச் சில நொடிகள் போதும். அந்த நேரத்தில் யாருக்கும் சொல் எழாது என்பதால் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதித் தலைவர்களிடம் கொடுங்கள்; சொல்லத் தயங்குகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் தலைமை வேண்டாம்.

மூன்றாம் அமர்வுக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள்.