வழக்கை சிபிசிஐடிக்கு மாற்றினால் நியாயம் கிடைக்குமா? சிபிஐயும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. சிபிஐ மத்திய அரசுடையது. சிபிசிஐடி நம் மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. தலைமையிடம் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிறது. வயதிலும் இதுதான் மூத்தது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் பிரேசர் தலைமையில் அமைந்த போலீஸ் கமிஷன் (1902-03) மாகாணத்துக்கு ஒரு சிஐடி, அதாவது குற்றப் புலனாய்வுத் துறை, வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1906-ல் வந்தது. அந்தக் காலத்தில் அரசியல் ஆட்களை நோட்டம் விடுவதும் சிஐடி வேலைதான். புதுச்சேரியில் பாரதியாரின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் அந்த ரகம். இப்போது உளவுக்குத் தனிப்பிரிவுகள் உண்டு. சிபிசிஐடிக்குப் புலனாய்வு மட்டும்: கள்ளநோட்டு வழக்குகள், அப்புறம் டிஜிபியோ அரசோ உயர் நீதிமன்றமோ ஒப்படைக்கும் வழக்குகள்.

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஏதோ வழக்கு ஓடுகிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். "சிபிசிஐடிக்குப் போனால் ஊற்றி மூடிவிடுவார்கள்" என்று இங்கே நாலு பேர் சொல்லியிருப்பதும் ஒரு காரணம். என் அப்பா அங்கே ஏட்டாக இருந்தவர். ஜால்ரா என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

1998 வாக்கில் ஒரு வழக்கு. கிணற்றில் ஒரு பையன் பிணம். சட்டைப்பையில் பிளாஸ்டிக் கவருக்குள் கடிதம். உள்ளூர் ஸ்டேஷன் தற்கொலை என்று முடித்தது. அம்மாக்காரி ஒத்துக்கொள்ளவில்லை, உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை மாற்ற வைத்தார். அப்பாவின் யூனிட்டுக்குக் கேஸ் கட்டு வரும்போது எட்டு மாதம் ஆகிவிட்டது. கிணற்றடியில் எடுத்த போட்டோ இரண்டே இரண்டு. செருப்பைக் கைப்பற்றவே இல்லை.

மிச்சம் அந்தக் கடிதம்தான். பையன் கைப்பட எழுதியதென்று சந்தேகமில்லாமல் தெரிந்த வேறு எழுத்து இருந்தால்தான் ஒப்பிட முடியும். பள்ளி நோட்டுகளையெல்லாம் வீட்டில் எடைக்குப் போட்டிருந்தார்கள். அப்பா அலைந்து அலைந்து கடைசியில் கூட்டுறவு சங்கத்தில் அவன் எழுதிக் கொடுத்த ஒரு கடன் மனுவைக் கண்டுபிடித்தார். கோர்ட் முத்திரை வைத்த கவரோடு சென்னைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு இரவு ரயிலில் போனவர், கவரைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கவே இல்லையாம்.

முடிவு வந்தது. எழுத்து பையனுடையதுதான்.

பையனின் அம்மா என் அப்பாவைப் பார்த்து, "நீங்களும் வாங்கிட்டீங்களா சார்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அதற்காக ஒருமுறைகூட அவர் மேல் கோபப்பட்டதும் இல்லை. "முதல் நாள் ஒழுங்கா பாத்திருந்தா அந்தம்மா நம்பியிருக்கும்பா" என்று மட்டும் சொல்வார்.

சிபிசிஐடி ஆட்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. அதே காக்கிதான், மாறுதலில் வருகிறவர்கள்தான். பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருவது இன்னொருவர் பாதி கெடுத்த வழக்கு. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த வழக்கை, சிபிஐ வரும்வரை பொறுக்க முடியாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020 ஜூன் 30-ல் இவர்களிடம் கொடுத்தது. மறுநாளே காவலர்களைக் கைது செய்யத் தொடங்கினார்கள். பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் வழக்கையும் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். 2023 ஜனவரியில் போன வழக்கு, குற்றப்பத்திரிகைக்கு இரண்டு வருடம். அதையும் பாதிக்கப்பட்ட மக்கள் ஏற்கவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

      

வழக்கு மாறினால் பெரும்பாலும் உங்களை மறுபடி விசாரிப்பார்கள். ஏற்கெனவே சொன்னதையே திரும்பக் கேட்பார்கள்; எரிச்சல் வரும், சொல்லுங்கள். எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, கொடுத்த மனுக்களின் ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பழைய நோட்டு, டைரி எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.